கர்த்தருடைய வேளையும் நாம் தள்ளிப்போடும் நாட்களும்

மார்பில் கட்டியோடு வரும் சகோதரிகளிடம் அதை முதலில் எப்போது கவனித்தீர்கள் என்று கேட்டால், "போன கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே தெரியும், டாக்டரம்மா, கர்த்தருடைய வேளைக்காகக் காத்திருந்தோம்" என்கிறார்கள். ஆம்பூர், பேர்ணாம்பட்டு, குடியாத்தம் என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் இந்தப் பதில் மாறுவதில்லை. சென்ற வாரம் இதே பதிலைச் சொன்னவருக்குக் கட்டி தோலைப் பிளந்து புண்ணாகியிருந்தது. நானும் ஜெபிக்கிறவள், ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகிறவள்; அதனாலேயே இனியும் பேசாமலிருக்க எனக்கு மனமில்லை.

கர்த்தருக்குக் காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்று யார் சொன்னது? வியாதிப்பட்டுச் சாகும் தறுவாயில் இருந்த எசேக்கியா ராஜாவுக்கு ஆயுளில் 15 ஆண்டுகள் கூட்டித் தருவதாகக் கர்த்தரே வாக்குக் கொடுத்த பிறகும், ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். எருசலேமின் இடிந்த மதிலை நினைத்து நெகேமியா ஏறக்குறைய நான்கு மாதங்கள் ஜெபத்தில் காத்திருந்தார். ராஜா கேட்ட அன்றைக்கோ அதிபதிகளுக்குக் கடிதங்களும் வாசல்களுக்கு மரமும் வேண்டும் என்று தெளிவாகக் கேட்டார். 17 வயதில் கனவு கண்ட யோசேப்பு 30 வயதில்தான் பார்வோன் முன் நின்றார். இடையில் சிறைச்சாலையிலும் பொறுப்பாக வேலை செய்தார், தன்னை நினைக்கும்படி பானபாத்திரக்காரனிடம் வாய்திறந்து கேட்டார். லாசரு வியாதியாயிருந்தபோது இயேசு இரண்டு நாள் தாமதித்தாரே என்று எனக்கே எடுத்துச் சொல்கிறவர்களும் உண்டு. தாமதித்தவர் ஆண்டவர், மரியாளும் மார்த்தாளும் சகோதரனின் வியாதியை மறைத்து வைக்காமல் ஆள் அனுப்பினார்கள். ஆண்டவர் தம் ஞானத்தில் எடுத்துக்கொள்ளும் காலம் வேறு, பயத்தினாலும் செலவுக் கணக்கினாலும் நாம் தள்ளிப்போடும் காலம் வேறு. இரண்டாவதற்கு அவருடைய பெயரைச் சூட்டுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வேலூர்க்காரர்கள் இதற்கு வெகுதூரம் தேட வேண்டியதில்லை. நம் ஊர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1900-ல் டாக்டராக இங்கு வந்த அதே ஆண்டில், அவர் துணையாக நம்பியிருந்த தகப்பனார் இறந்துபோனார். ஆயினும் 1902-ல் மருத்துவமனை எழுந்தது. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. பட்டப்படிப்பு 1942-ல்தான் கைகூடியது. அந்த நீண்ட காத்திருப்பில் அவர் ஜெபித்தார், நோயாளிகளைப் பார்த்தார், மாணவிகளுக்குக் கற்பித்தார், ஊர் ஊராகப் பணமும் திரட்டினார்.

புற்றுநோய்ச் சிகிச்சைக்குள் வந்த பிறகும் தாமதங்கள் உண்டு. வெள்ளையணுக்கள் குறைந்ததால் அடுத்த கீமோ மருந்து ஒரு வாரம் தள்ளிப்போகும். அறுவை சிகிச்சைக்குக் குறித்த தேதி மாறும். முடிந்தது என்று நினைத்த நோய் மறுபடியும் தலைகாட்டும். தன் கையில் உள்ளதையெல்லாம் செய்துவிட்டு, மீதியைக் கர்த்தருடைய வேளைக்கு விட்டுவிட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண்களிடம்தான் விசுவாசம் என்னவென்று நான் பார்க்கிறேன். அவர்களிடம் போய் "உனக்கு விசுவாசம் குறைவு" என்று சொல்லாதீர்கள். அந்த வார்த்தை உண்டாக்கும் காயத்துக்கு எங்களிடம் மருந்தில்லை.

வலி இல்லாத கட்டி என்று அலட்சியம் செய்யாதீர்கள். மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் வலியில்லாமல்தான் தொடங்குகிறது. மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதால் பரிசோதனைக்கு அஞ்சவும் வேண்டாம். ஊசி குத்திச் சதை எடுத்தால் நோய் பரவும் என்பது வீண் பேச்சு. பணமில்லை என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போங்கள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி அங்கேயே விசாரியுங்கள். உபவாசம் முடியட்டும், கன்வென்ஷன் முடியட்டும் என்று நாள் குறிக்காதீர்கள்.

ஆயர்மார்களுக்கும் போதகர்களுக்கும் ஒரு தாழ்மையான வேண்டுகோள்: ஒரு சகோதரி கட்டி இருக்கிறது என்று ஜெபக்குறிப்புக் கொடுத்தால், தலையில் கைவைத்து ஜெபியுங்கள், ஜெபித்து முடித்ததும் எந்தக் கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள் என்று கேளுங்கள், துணைக்குச் சபையிலிருந்து ஒருவரை அனுப்புங்கள்.