பின்வரிசை ஏன் பிந்திப் பாடுகிறது?

பள்ளிக் காலைக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து பாடும்போது கவனித்துப் பாருங்கள். மேடையருகே நிற்கும் ஆறாம் வகுப்பு ஒரு வரியை முடித்திருக்கும். மைதானக் கடைசியில் நிற்கும் பிளஸ் டூ இன்னும் அதே வரியில் இருக்கும். கவனமில்லை என்று அதட்டுவோம். ஆனால் காரணம் ஒலியின் வேகம்.

காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி நிற்பவர் காதுக்குப் பாட்டு 0.1 நொடி கழித்துத்தான் வருகிறது. அதைக் கேட்டு அவர் பாடுவது மேடைக்குத் திரும்பி வர இன்னொரு 0.1 நொடி. நொடிக்கு இரண்டு தட்டு விழும் பாட்டில் இந்த 0.2 நொடி கிட்டத்தட்ட அரைத் தட்டு. அவர்களும் வந்து சேரட்டும் என்று ஆசிரியர் சற்று இழுத்தால், அந்த இழுப்பும் பிந்தியே போகும். பாட்டு மொத்தமும் தொய்ந்துவிடும்.

கையசைவுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒளிக்கு மைதானம் ஒரு தூரமே அல்ல. கை இறங்குவதை எல்லா வரிசையும் ஒரே கணத்தில் பார்க்கும். அதைவிட முக்கியம், இறங்கும் முன் கை மேலே எழுவது. அப்போதுதான் பிள்ளைகள் மூச்சை இழுக்கிறார்கள். சேர்ந்து மூச்செடுத்தவர்கள் சேர்ந்தே தொடங்குவார்கள். நம் கச்சேரி மரபில் முன்னால் நின்று கையால் நடத்த ஆள் கிடையாது. 1970களில் மெட்ராஸ் யூத் கொயர் என்ற பாடகர் குழு மூலம் சேர்ந்திசையை இங்கே வளர்த்த இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனுக்கு இந்த விஷயத்தில் நாம் நிறையவே கடன்பட்டிருக்கிறோம்.

சரி, நேரம் ஒத்துவிட்டது. அடுத்த சிக்கல் கத்தல். சுற்றிலும் சத்தம் கூடினால் நாம் அறியாமலே குரலை உயர்த்துகிறோம். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911இல் இதை விவரித்தார். குழுவில் ஒரு பிள்ளை உரக்கப் பாடினால் பக்கத்துப் பிள்ளைக்குத் தன் குரல் கேட்காது, அதுவும் உயர்த்தும். கொஞ்ச நேரத்தில் யாருக்கும் தன் சுருதி தெரியாது. ஸ்வீடனின் ஸ்டென் டெர்ன்ஸ்ட்ரம், தேர்ந்த குழுப் பாடகர்களிடம் சோதித்தபோது, மற்றவர் குரலைவிடத் தன் குரல் சுமார் 6 டெசிபல் கூடுதலாகக் கேட்பதையே அவர்கள் விரும்பினார்கள். ஆகவே “சத்தமா பாடுங்க” என்று சொல்வதை விட்டுவிட்டு, தோளோடு தோள் நெருக்காமல் ஒரு கை இடைவெளி விட்டு நிறுத்தி, சத்தத்தைக் குறைத்துப் பாடச் சொல்லிப் பார்க்கலாம்.

கத்தலுக்கு இன்னொரு காரணம் கட்டை, அதாவது பாட்டுக்கு நாம் வைக்கும் ஆதார சுருதியின் உயரம். எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகளின் குரல் நாண்கள் சின்னவை. அவர்களுக்கு வசதியான எல்லை ஏறத்தாழ 260 முதல் 520 ஹெர்ட்ஸ் வரை. டீச்சர் தனக்கு வாகான ஐந்து கட்டையில் தொடங்கினால் ஆதார ஸட்ஜமே (‘ஸ’ என்ற அடிப்படை ஸ்வரம்) 196 ஹெர்ட்ஸில் விழும். குழந்தைகள் அங்கே முனகுவார்கள், அல்லது பேச்சுக் குரலில் கத்துவார்கள். ஆண் ஆசிரியர் ஒரு கட்டையில் பாடினால், அதற்கு ஒரு ஸ்தாயி (ஒரு ‘ஸ’விலிருந்து அடுத்த மேல் ‘ஸ’ வரையுள்ள தூரம்) மேலேதான் தாங்கள் பாட வேண்டும் என்பது சில பிள்ளைகளுக்குப் பிடிபடாது. பாட்டின் மிகத் தாழ்ந்த ஸ்வரத்தையும் மிக உயர்ந்த ஸ்வரத்தையும் பார்த்து, பிள்ளைகளின் தொண்டைக்கு ஏற்பக் கட்டையை முடிவுசெய்ய வேண்டும்.

அப்புறம், சுருதி சேராத பிள்ளை. “நீ வாயை மட்டும் அசை” என்று சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இதைப்போல ஒரு குழந்தையைப் புண்படுத்தும் சொல் குறைவு. அறிவியலும் அதை ஆதரிக்கவில்லை. ஃபோர்ட்ரெஷர், பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சுருதி தவறிப் பாடியவர்களுக்கும் சுருதி வேறுபாடு காதில் சரியாகவே பிடிபட்டது. கேட்டதைத் தொண்டைக்குக் கொண்டுவருவதில்தான் தடை. அது பயிற்சியால் முன்னேறக்கூடியது. பெரியவர் குரலைவிட, அதிலும் ஆண் குரலைவிட, தன் வயதுக் குரலோடு சேருவது குழந்தைக்கு எளிது. அதனால் அந்தப் பிள்ளையைக் கடைசி வரிசைக்கு அனுப்பாமல், நன்றாகப் பாடும் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் நிறுத்துங்கள். ஆம்புலன்ஸ் சைரன்போலக் குரலை மேலும் கீழும் வழுக்கிப் பாடும் விளையாட்டைத் தினமும் கொஞ்சம் ஆடவிடுங்கள். பேச்சுக் குரலுக்கு மேலே தனக்கு இன்னொரு குரல் இருப்பதைப் பல பிள்ளைகள் அதில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.