உலர்சுவரா, தட்டிச்சுவரா?

‘உலர்சுவரில் விழுந்த துளையைச் சரிசெய்வது எப்படி?’ குடியிருந்தவர் காலி செய்துபோன பிறகு, டிவி மாட்டியிருந்த ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பெங்களூரு ஹவுஸ் ஓனர் தமிழில் தேடினால் இந்தச் சொல்தான் எதிரே வந்து நிற்கிறது. அது என்ன உலர்சுவர்? ஒழுகாத வீட்டில் எல்லாச் சுவரும் உலர்ந்ததுதானே!

மூலம், டிரைவால் என்ற அமெரிக்கச் சொல். இரண்டு காகிதத் தாள்களுக்கு நடுவே ஜிப்சத்தை உறையவைத்த பலகையால் ஆன சுவர். அகஸ்டின் சாக்கெட் 1894-இல் காப்புரிமை பெற்ற பலகை இதற்கு முன்னோடி. அதற்கு முன்பு மரச்சட்டத்தில் ஈரச் சாந்து பூசி, காயக் காத்திருந்தார்கள். பலகைக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. ‘டிரை’ வந்த கதை அவ்வளவுதான்.

தமிழில் ‘உலர்சுவர்’ வினைத்தொகை. உலர்ந்த சுவர், உலர்கின்ற சுவர், உலரும் சுவர் என்று முக்காலத்துக்கும் விரியும். உலர வேண்டிய வேலையே இல்லாத சுவருக்கு மூன்று காலத்திலும் உலர்வதாகப் பெயர்! ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ 21 சதவீதம் படிகத்துக்குள் பிணைந்த நீர் என்பது இன்னொரு வேடிக்கை. தீப்பிடித்தால் அந்த நீர்தான் ஆவியாகி, நெருப்பைச் சற்று நேரம் தாமதப்படுத்துகிறது. இதைப் போய் உலர் என்பதா? சாந்தில்லாமல் கல்லடுக்கிக் கட்டும் தோட்டத்து மதிலுக்கு வேண்டுமானால் அந்தப் பெயரைக் கொடுக்கலாம்.

நம்மிடம் ‘தட்டி’ இருக்கிறது. ஓலைத் தட்டி, மூங்கில் தட்டி என்று அறையைத் தடுக்கக் காலங்காலமாகப் புழங்கும் சொல். ஜிப்சம் தட்டி, தட்டிச்சுவர் என்றால் பொருளும் பயனும் உடனே புரியும். ‘பலகைச் சுவர்’ மோசமில்லை, ஆனால் மரத்தை நினைக்கவைக்கும். ஜிப்சத்துக்கும் தமிழ் வேண்டும் என்பவர்களுக்குச் சித்த மருத்துவத்தில் ‘கற்பூர சிலாசத்து’ உண்டு. அல்சூர் ஹார்டுவேர் கடையில் அதைக் கேட்டால் நாட்டு மருந்துக் கடைக்கு வழிகாட்டுவார்கள். ஜிப்சம் ஜிப்சமாகவே இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர்களின் அட்டகாசம் இதோடு நிற்பதில்லை. இணைப்பில் பூசும் பசையை அமெரிக்க வேலையாட்கள் பேச்சில் ‘மட்’ என்பார்கள். இவர்கள் ‘சேற்றைப் பூசவும்’ என்கிறார்கள். ஸ்குரூவைப் பிடித்துக்கொள்ளும் ஆங்கர், ‘நங்கூரம்’ ஆகிவிடுகிறது. ஹாலில் கப்பலா நிற்கிறது? ஒரு பெயின்டரிடம் பேசியிருந்தால், பசையைப் பூசித் தேய்த்துச் சமமாக்குவதற்குப் ‘பட்டி பார்ப்பது’ என்ற அருமையான சொல் கிடைத்திருக்கும். அகராதியை மட்டும் புரட்டினால் சேறுதான் கிடைக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். ஆணி ஓட்டை என்றால் பட்டி வைத்துத் தேய்த்தால் போதும். கையளவு ஓட்டை என்றால் அதைச் சதுரமாக அறுத்து, உள்ளே ரீப்பர் எனப்படும் ஒல்லியான மரக்கட்டை ஒன்றைக் கொடுத்து, அதன்மேல் புதுத் துண்டை முடுக்கி, இணைப்பில் டேப் ஒட்டி, மெல்லிசாக இரண்டு மூன்று முறை பட்டி பார்க்க வேண்டும். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. அப்புறம், அட்வான்ஸில் பிடிக்கும் கணக்கைக் குடியிருந்தவருக்குப் புரியும்படி எழுதிக் கொடுங்கள்: ‘ஹால் தட்டிச்சுவரில் ஓட்டை அடைத்து, பட்டி பார்த்த கூலி.’