இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்: தொழிலகமா, தொழிலா?

கலந்தாய்வு நேரத்தில் பாளையங்கோட்டைச் சித்தப்பா கேட்டார்: "இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்னா என்ன சோலிடே? மெக்கானிக்கல்தானா?"

பெயரே ஆளை ஏமாற்றும். இண்டஸ்ட்ரி என்றதும் விக்கிரமசிங்கபுரம் பஞ்சாலையோ கங்கைகொண்டான் சிப்காட்டோதான் நினைவுக்கு வரும். மூலமான லத்தீன் 'இண்டஸ்ட்ரியா'வுக்குப் பொருள் ஊக்கம், விடாமுயற்சி. ஆலை என்ற பொருள் பிற்பாடு ஏறியது. நம்மிடம் இதற்கு நேரான சொல் 'ஆள்வினை'. இன்ஜின் என்பதும் பிறவி மதிநுட்பத்தைக் குறித்த 'இங்கேனியம்' வழி வந்ததே. வேடிக்கை என்னவென்றால், 618ஆம் குறளில் பொறியும் ஆள்வினையும் ஒன்றாகவே வருகின்றன: "பொறியின்மை யார்க்கும் பழியன்று அறிவறிந்து ஆள்வினை இன்மை பழி." எந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள், பரிமேலழகர் அங்கே பொறிக்கு விதி என்று உரை சொல்கிறார்.

சரி, சோலி என்ன? ஆளும் பொருளும் நேரமும் வீணாகாமல் வேலை நடக்க வழிவகுப்பதுதான். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் திண்ணையில் பீடி சுற்றும் அக்காவைக் கவனியுங்கள். மடியில் சுளகு, அதில் நறுக்கிய இலை, தூள், நூல், எல்லாம் அதனதன் இடத்தில். கை எதையும் தேடாது. அமெரிக்காவில் கட்டட ஒப்பந்தக்காரர் பிராங்க் கில்பிரெத் கொத்தனார்களிடம் கவனித்ததும் இந்தக் கையசைவைத்தான். செங்கல்லை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவைத்துக் குனிவதை ஒழித்தார். ஒரு கல்லுக்கு 18 அசைவு 5 ஆனது. அவருக்கு முன்பே பிரெடெரிக் டெய்லர் உருக்காலையில் கடிகாரத்தோடு நின்று வேலையை அளந்தார். 1909இல் பென் ஸ்டேட் கல்லூரியில் தனித் துறையே வந்துவிட்டது.

கடிகாரத்தைக் கண்டால் தொழிலாளிக்குக் கசக்கத்தான் செய்யும். கில்பிரெத்தின் மனைவி லில்லியன் உளவியல் படித்தவர். களைப்பையும் கணக்கில் சேர்த்தார். அக்கா எத்தனை பீடி சுற்றினாள் என்பதோடு, கழுத்தும் முதுகும் ஏன் வலிக்கிறது என்றும் கேட்பவர்தான் என் கணக்கில் நல்ல இன்ஜினியர்.

ஆலையோடு இது நிற்பதுமில்லை. ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில் இன்னொரு ஆளைப் போட்டால் வரிசை குறைந்துவிடுமா? குறையாது, கூட்டம் அப்படியே மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு நகரும். முழுவதையும் சேர்த்துப் பார்க்கத்தான் படிப்பின் பெயரில் 'இண்டஸ்ட்ரியல் அண்ட் சிஸ்டம்ஸ்' என்று ஒட்டிவரும் 'சிஸ்டம்ஸ்' என்ற வால். 'சேர்ந்து நிற்பது' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. பஸ் டிப்போ, கிட்டங்கி, வங்கி என்று எங்கும் இந்தச் சோலி உண்டு. பிள்ளைகள் இதைத் தேர்ந்தெடுக்க அதுவே பெரிய காரணம். கணக்கும் மனுஷரும் சேர்ந்து பிடிக்கிறவர்களுக்குத் தோதான படிப்பு. ஸ்பேனர் பிடிக்கிற ஆசையில் சேர்ந்தால் ஏமாற்றம்தான். புள்ளியியல் நிறைய வரும்.

தமிழில் 'தொழிலகப் பொறியியல்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. ஆஸ்பத்திரி தொழிலகமா? தொழில் என்றாலே நமக்குச் செயல் என்ற பொருள் உண்டு. சிவனுக்கு ஐந்தொழில் சொல்கிறோமே. ஆகவே 'தொழிற்பொறியியல்' போதும். சிஸ்டத்துக்கு 'அமைப்பு' என்றால் ஏதோ சங்கம் மாதிரி ஒலிக்கிறது, 'முறைமை' தேவலை. முழுப்பெயர் 'தொழில் முறைமைப் பொறியியல்'. சித்தப்பாவுக்கு மட்டும் அன்றிலிருந்து அது 'சோலி இன்ஜினியரிங்'.