ஓரினச்சேர்க்கையா, ஒருபால் நடத்தையா?

வெள்ளவத்தையில் உயர்தர உயிரியல் டியூஷனுக்குப் போகிற பிள்ளை ஒன்றிடம் 'ஓரினச்சேர்க்கை' என்றால் என்ன என்று கேட்டால், ஒரே இனத்து ஆணும் பெண்ணும் சேர்வது என்றுதான் அது சொல்ல வேண்டும். நம் பாடப்புத்தகத்தில் இனம் என்றால் ஸ்பீசிஸ். அந்தக் கணக்கில் உடவளவ யானைகள் குட்டி போடுவதும் ஓரினச்சேர்க்கைதான்! பத்திரிகைக்காரர்கள் எழுதியெழுதிப் பழக்கிவிட்ட சொல் இது.

மூலச்சொல் ஹோமோசெக்சுவல். ஆண்களுக்கிடையிலான உறவைத் தண்டித்த பிரஷ்யச் சட்டத்தை எதிர்த்து, கார்ல் மரியா கெர்ட்பெனி 1869இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட பிரசுரத்தில் அது முதன்முதலாக அச்சேறியது. கிரேக்க 'ஹோமோஸ்' என்றால் ஒரே, லத்தீன் 'செக்சுஸ்' என்றால் பால். ஹோமோ சேப்பியன்ஸில் வருகிற ஹோமோ வேறு, அது லத்தீனில் மனிதன். ஆக நேர்ச்சொல் 'ஒருபால்', இனத்துக்கு இங்கே வேலையே இல்லை.

மனிதரைப் பற்றிப் பேசும்போது ஒருபாலீர்ப்பு அல்லது தன்பாலீர்ப்பு சரி. விலங்குக்கு அது பொருந்தாது, அதன் மனதில் என்ன ஈர்ப்பு என்று யார் கேட்டுச் சொல்வது? கண்ணால் பார்க்க முடிவது நடத்தை மட்டும், அதனால் 'ஒருபால் நடத்தை'.

ஹவாயின் ஓவாஹு தீவில் 'லேசான் அல்பட்ரோஸ்' என்ற கடற்பறவைகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள்: ஜோடிகளில் 31 சதவீதம் பெண்ணும் பெண்ணும். அங்கே ஆண்கள் குறைவு, வருடத்துக்கு ஒரேயொரு முட்டை, அதையும் தனியாக ஒரு பறவை அடைகாத்துக் குஞ்சை வளர்த்தெடுக்க முடியாது. ஆகவே வேறு ஜோடியிலுள்ள ஆணோடு கூடி முட்டையிட்டுவிட்டு இரண்டு பெண்களுமாக வளர்க்கின்றன. ஆண்-பெண் ஜோடிகளைவிடக் குஞ்சு குறைவுதான், ஆனால் ஜோடியே இல்லாமல் இருப்பதைவிட மேல், இயற்கைத் தேர்வுக்கு அந்த வித்தியாசமே போதும். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு 'இயற்கையின் ஒழுங்குக்கு மாறான' உறவு என்கிறதே, எந்த இயற்கையைப் பார்த்து எழுதினார்களோ.

அப்புறம் 'கே ஜீன்', அதாவது ஒருவரை ஒருபாலீர்ப்புள்ளவராக்குவதாகச் சொல்லப்படும் ஒற்றை ஜீன். தமிழகத்தில் மரபணு, இங்கே பரம்பரையலகு, எப்படி எழுதினாலும் அப்படி ஒற்றை அலகு கிடையாது. கிட்டத்தட்ட 5 லட்சம் பேரின் தரவை வைத்து 2019இல் வந்த ஆய்வு, ஒவ்வொன்றும் துளி அளவே தாக்கம் செலுத்தும் ஏராளமான பரம்பரையலகு வேறுபாடுகளும் சூழலும் சேர்ந்தே மனிதரில் இந்த நடத்தையைப் பாதிக்கின்றன என்றது. அவற்றைப் பார்த்து ஒருவர் யாரை விரும்புவார் என்று சொல்லவும் முடியாது.