கருமணலிடம் காந்தம் கேட்ட கேள்வி

கன்னியாகுமரிக்குச் சுற்றுலா வந்தவர்கள் ஊர் திரும்பும்போது பையில் ஒரு பல நிற மணல் பொட்டலம் இருக்கும். அம்மனின் கல்யாணம் நின்றுபோய், சமைக்காமல் கிடந்த அரிசியும் பருப்பும்தான் இப்படி மணலாயின என்பது கதை. கதை இருக்கட்டும், அந்த மணலைக் காந்தம் வேறு விதமாகப் பிரித்துக் காட்டும்.

அதே மாவட்டத்தில் உள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கு இரண்டு காந்தங்களோடு போனேன். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை மணலில் புரட்டியபோது கொஞ்சம் துகள்கள்தான் ஏறின. ஆனால் முள்ளம்பன்றிபோல் சிலிர்த்து நின்றன. அடுத்தது, பழுதான ஹார்ட் டிஸ்க்கில் இருந்த சின்னக் காந்தம். கருமணல் கொத்தாக வந்து அப்பிக்கொண்டது. (காந்தத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொள்ளுங்கள். நான் சுற்றவில்லை; அன்று மாலை முழுவதும் துகள் பொறுக்கியதுதான் மிச்சம்.)

எலக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். பெரும்பாலான பொருள்களில் அவை எதிரெதிராக ஜோடி சேர்ந்து ஒன்றையொன்று அடக்கிவிடும். வெண்மணலில் உள்ள குவார்ட்ஸ் அப்படித்தான்; அதைக் காந்தம் மிக மிக லேசாகத் தள்ளவே செய்கிறது. கருமணலில் பெரும்பகுதி இல்மனைட் என்ற இரும்பு-டைட்டானியக் கனிமம். அதன் இரும்பு அயனி ஒவ்வொன்றிலும் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் நான்கு. இருந்தும் என்ன, சாதாரண வெப்பநிலையில் ஒவ்வோர் அயனியும் தன்போக்கில் ஒரு திசை பார்க்கிறது. வலுவான காந்தம் நெருங்கினால் சற்றுத் திரும்பும், விலகினால் மறந்துவிடும். இதுதான் பாரா காந்தம். ஸ்பீக்கர் காந்தத்தில் சிலிர்த்து நின்றவை பெரும்பாலும் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமத்தின் துகள்கள். அதில் அண்டை அயனிகள் ஒன்றையொன்று பார்த்தே திசையை முடிவு செய்கின்றன. ஒரு தரப்பு எதிர்த்து நின்றாலும் மறுதரப்பின் கை ஓங்கியிருப்பதால் காந்தம் மிஞ்சுகிறது. சுமார் 580 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் இந்தக் கட்டுக்கோப்பு குலைந்துவிடும்.

மணலிலிருந்து கனிமங்களைப் பிரிக்கும் மணவாளக்குறிச்சி ஆலையின் பிழைப்பே இந்த வேறுபாட்டை நம்பித்தான். காந்தப் புலத்தைக் கூட்டக் கூட்ட முதலில் இல்மனைட் விலகும், பிறகு சிவந்த கார்னெட், அதற்கும் பிறகு மோனசைட். சிர்கான், ரூட்டைல், சில்லிமனைட் என்ற மற்ற மூன்று கனிமங்களும் காந்தத்துக்கு மசியாது. ரூட்டைல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அதை மின்புலத்தால் பிரிப்பார்கள்.

இவற்றில் எனக்குப் பிடித்தது மோனசைட். 1909இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் இதைக் கண்டுபிடித்தார். அன்றைக்குத் தேவைப்பட்டது இதிலுள்ள தோரியம், வாயு விளக்கின் சுடரில் ஒளிரும் வலையான மேன்ட்டில் செய்ய. கூடவே இருந்த நியோடிமியம் என்ற உலோகத்தை யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. 1980களில்தான் அதை இரும்போடும் போரானோடும் சேர்த்து உலகின் மிக வலுவான நிலைக்காந்தத்தைச் செய்தார்கள். அதில் பலம் தருவது பெரும்பாலும் இரும்பு. அந்தப் பலம் திசை மாறிவிடாமல் பிடித்து வைப்பது நியோடிமியம். நான் கடற்கரையில் புரட்டிய ஹார்ட் டிஸ்க் காந்தமும் அந்த வகைதான்.