திர்ஹமை ‘வெள்ளிக்காசு’ ஆக்காதீர்கள்

இசுலாமிய வரலாற்றைத் தமிழாக்குவோர் பலர், பழைய இசுலாமிய நாடுகளின் காசுப்பெயரான ‘திர்ஹம்’ வரும் இடமெல்லாம் ‘வெள்ளிக்காசு’ என்று போட்டுவிடுகிறார்கள். பிழையான வழக்கம் இது.

சொல் வந்த வழி: கிரேக்கத்தில் திராக்மா, சாசானியர் காலப் பாரசீகத்தில் திரஹ்ம், அரபியில் திர்ஹம். குர்ஆனில் யூசுஃப் நபியை விற்ற விலை ‘எண்ணப்பட்ட சில திர்ஹம்கள்’ (12:20). முசுலிம்கள் ஆண்ட முதற் பல ஆண்டுகள், அரசன் தலையும் தீக்குண்டமும் கொண்ட சாசானியக் காசையே ஓரத்தில் ‘பிஸ்மில்லாஹ்’ சேர்த்து அடித்தார்கள். கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 79இல் (698-99) உருவத்தை நீக்கி, எழுத்து மட்டுமே உள்ள திர்ஹமைக் கொண்டுவந்தார்.

அந்தக் காசே தன் பெயரைச் சொல்கிறது. ‘அல்லாஹ்வின் பெயரால், இந்தத் திர்ஹம் வாசித்தில் (இராக்கிய நகரம்) அடிக்கப்பட்டது’ என்று ஊரும் ஆண்டும் விளிம்பை ஒட்டி ஓடும். வெள்ளிக்காக ஓரத்தை நறுக்கியவர்கள் முதலில் அழித்தது இந்த வரியைத்தான். எஞ்சிய பெயரையாவது மொழிபெயர்ப்பாளர் விட்டுவைக்கலாமே!

அடுத்தது எடை. திர்ஹம் காசு மட்டுமல்ல, ஒரு நிறுத்தலளவும்கூட. பத்துத் திர்ஹம் ஏழு மித்கால் (இதுவும் ஒரு பழைய எடை). மித்கால் ஏறத்தாழ 4.25 கிராம் என்பதால் திர்ஹம் 2.97 கிராம். ஜகாத் என்னும் கட்டாயத் தருமத்துக்கான வரம்பு 200 திர்ஹம் என்றால் சுமார் 595 கிராம் வெள்ளி என்று கணக்குப் போடலாம். ‘200 வெள்ளிக்காசு’ என்றால் எந்த அரசனுடைய காசு, என்ன எடை?

உலோகமும் உதவாது. பாத்திமியர் ஆட்சியின் பிற்பகுதியில் எகிப்தில் புழங்கிய ‘கறுப்புத் திர்ஹ’த்தில் வெள்ளியைவிடச் செம்பே அதிகம். 12ஆம் நூற்றாண்டில் மார்தீனை (இன்றைய துருக்கியில் உள்ள ஊர்) ஆண்ட ஆர்துக்கியர் அடித்த பெரிய செப்புக்காசுகளைச் செப்புத் திர்ஹம் என்கிறார்கள் நாணயவியலார். அதைச் ‘செப்பு வெள்ளிக்காசு’ என்பார்களா? ஒரு நூலில் திர்ஹம் வெள்ளிக்காசாகவும், தினார் பொற்காசாகவும், ஃபல்ஸ் செப்புக்காசாகவும் ஆகிவிட்டால், பணமாற்று பற்றிய அத்தியாயம் முழுக்கப் பாழ். பொருளை விளக்குவது அடிக்குறிப்பின் வேலை. பெயரை அழிப்பது மொழிபெயர்ப்பு ஆகாது.

தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் புதிதாக ஆக்க வேண்டியதில்லை. அதே கிரேக்க வேரிலிருந்து வடமொழித் திரம்மம் வழியாக வந்த ‘திரமம்’ தமிழ்க் கல்வெட்டுகளிலேயே காசுப்பெயராக இருக்கிறது. கிரந்த எழுத்தில்லை, நாவுக்கும் எளிது. பழைய காசுக்கும் எடைக்கும் திரமம் என்றே எழுதலாம். அமீரகத்திலும் மொராக்கோவிலும் இன்று புழங்கும் பணத்துக்குத் திர்ஹம் என்பதே இருக்கட்டும்.