நடையைக் கண்ணால் பார்த்துச் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

நோயாளி கதவைத் திறந்து நாற்காலியில் வந்து உட்காருவதற்குள் எங்களில் பலர் ஒரு முடிவுக்கு வந்துவிடுவோம். "முழங்கால் மடங்கல, இடுப்பைத் தூக்கிப் போட்டு நடக்கிறார்." பிசியோதெரபியில் இது தினப்படி நடப்பது. கருவி வேண்டாம், செலவில்லை, அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்து முடிவை வைத்துத்தான் பல மாத சிகிச்சை திட்டமிடப்படுகிறது.

சாதாரண வேகத்தில் நடக்கும்போது ஒரு குதிகால் தரையைத் தொட்டதிலிருந்து அதே குதிகால் மறுபடி தொடும் வரை சுமார் 1 நொடிதான். அதில் 60 சதவீதம் கால் தரையில், மீதி 40 காற்றில். காற்றில் இருக்கும் அந்த 0.4 நொடிக்குள் முழங்கால் 60 டிகிரி வரை மடங்கித் திரும்ப நீண்டுவிடுகிறது. இடுப்பு, கணுக்கால், முதுகு, எதிர்க்கால் எல்லாமே அதே நேரத்தில் நகர்கின்றன. குதிகால் ஊன்றியதும் எடையை வாங்கிக்கொள்ள முழங்கால் 15–20 டிகிரி மடங்குமே, அதை வெறும் கண்ணால் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம்தான். பெரும்பாலும் அது ஊகம்.

1991-இல் ஈஸ்ட்லாக் குழுவினர், முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய்) உள்ள 3 பேரின் நடை வீடியோவை 54 பிசியோதெரபிஸ்ட்களுக்குக் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். ஒருவருக்கொருவர் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்று காட்டும் கப்பா மதிப்பு 0.11-லிருந்து 0.52 வரைதான் வந்தது. எல்லோரும் ஒரே பதில் சொன்னால் 1. தற்செயலாக ஒத்துப்போகும் அளவுதான் என்றால் 0. அதற்கு முன்பே, 1985-இல், கேலிப்பர் (காலைத் தாங்கும் கருவி) அணிந்த குழந்தைகளின் நடையை வைத்துக் கிரெப்ஸ் குழு செய்த ஆய்வும் இந்த முறை ஓரளவுக்கே நம்பகமானது என்றது. அங்கே பார்த்தவர்கள் தேர்ந்த அனுபவசாலிகள்.

சரி, இருவர் ஒத்துப்போய்விட்டால் போதுமா? இங்கேதான் பெரிய வழுக்கல். பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி, சிறுவயது மூளைப் பாதிப்பால் வரும் அசைவுக் குறைபாடு) உள்ள குழந்தை முன்பாதத்தில் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்த இருவருமே "கெண்டைக்கால் தசை இறுக்கம், பாதம் கீழ்நோக்கி இருக்கிறது" என்று எழுதுகிறார்கள். நம்பகத்தன்மை நூற்றுக்கு நூறு. இப்போது பக்கவாட்டில் எடுத்த வீடியோவைக் கால் ஊன்றிய நடுக்கட்டத்தில் நிறுத்தி, திரையில் கோனியோமீட்டரை (மூட்டுக் கோணம் அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழுள்ள காலுக்கும் பாதத்துக்கும் இடையே 90 டிகிரி. கணுக்கால் ஒழுங்காகத்தான் இருக்கிறது. இடுப்பும் முழங்காலும் மடங்கியே இருப்பதால் குதிகால் தரைக்கு எட்டவில்லை. இருவரும் சொன்னது ஒன்று, இருவரும் சொன்னது தவறு. இந்தக் குழந்தைக்குக் குதிகால் தசைநாணை நீட்டிக்கும் அறுவை சிகிச்சை செய்தால் கெண்டைக்கால் தசை பலமிழந்து, முழங்கால் இன்னும் மடங்கி, குழந்தை மேலும் குனிந்து நடக்க நேரிடலாம். முன்பக்கமிருந்து பார்க்கையில் முழங்கால்கள் உள்ளே ஒட்டுவதுபோலத் தெரிவதும் இதே கதை: பல சமயம் தொடை உட்பக்கம் திரும்பியிருக்கும், அவ்வளவுதான்.

காரணத்தையோ கண் காட்டவே காட்டாது. பக்கவாதத்துக்குப் பிறகு காலை வீசும்போது முழங்கால் மடங்காததற்குத் தொடை முன்தசையின் விறைப்பு காரணமாக இருக்கலாம். இடுப்பை மடக்கும் தசையின் பலவீனம், கெண்டைக்கால் உந்தித் தள்ளாதது என வேறு காரணங்களும் உண்டு. பார்வைக்கு மூன்றும் ஒன்று. சிகிச்சை வேறு வேறு. அதனால் "முழங்கால் மடக்கம் குறைவு" என்பதோடு நடைக் குறிப்பை நிறுத்திவிட்டு, காரணத்தைப் படுக்கையில் பரிசோதித்து அதன் பிறகு எழுதுவது என் வழக்கம். முடிந்தால் கேஸ் ஷீட்டைப் படிக்கும் முன்பே நடையைப் பார்த்துவிடுவேன். நோயின் பெயர் தெரிந்துவிட்டால் கண் அதையே தேடும்.

போன் கேமரா பெரிய உதவி, சரியாக வைத்தால். நடக்கும் கோட்டுக்கு நேர் செங்குத்தாக, இடுப்பு உயரத்தில், அசையாமல். கொஞ்சம் சாய்ந்தாலும் கோணம் பொய் சொல்லும். ஸ்லோ மோஷனில் ஒரு தடவைக்கு ஒரு மூட்டை மட்டும் பார்க்க வேண்டும்.

அளவுகோல்களும் இருக்கின்றன. 2003-இல் வெளிவந்த எடின்பரோ அளவுகோல் ஒவ்வொரு காலுக்கும் 17 அம்சங்களைக் கேட்கிறது. மனம்போன போக்கில் எழுதுவதை அது நன்றாகவே கட்டுப்படுத்தும். ஆனால் அது பெருமூளை வாதத்துக்காக உருவானது. அதையே முழங்கால் மாற்று அறுவை செய்தவருக்குப் போட்டு மதிப்பெண் கொடுத்தால் அந்த எண்ணுக்கு என்ன பொருள்?

"போன மாசத்துக்கு இப்போ நல்லா நடக்கிறார்" என்ற வரியை ஃபைலில் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். ஒரு ஸ்டாப்வாட்ச், 10 மீட்டர் தூரம் இருந்தால் வேகத்தை அளந்துவிடலாம். நொடிக்கு 0.1 மீட்டர் கூடினாலே அது கணக்கில் எடுக்க வேண்டிய முன்னேற்றம்; அந்த அளவு வித்தியாசம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாங்கள் பார்க்கிறோம் என்று தெரிந்ததும் நோயாளிகள் நிமிர்ந்து, கவனமாக நடப்பார்கள். அவர்களிடம் கேட்டுக்கொண்டு, வீட்டில் இயல்பாக நடப்பதை, மாலையில் களைத்திருக்கும்போது, பக்கவாட்டிலிருந்து ஒரு வீடியோ எடுத்து வாருங்கள். கால்சட்டை முழங்காலுக்கு மேல் இருக்கட்டும்.